எழும்பிப் போன இடத்தைச் சொல்லுங்கள் – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் தம்பிலுவிலில் இருக்கிறேன். சினிமாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, வீட்டுவேலை முடிந்தபிறகு பார்ப்பதோடு சரி. மாமியோடு சேர்ந்து சன் ரீவி நாடகம் ‘எதிர்நீச்சல்’ விடாமல் பார்த்தேன். அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்து ஆள் மாறியதும் எனக்கு விட்டுப்போய்விட்டது. இப்போது இரவில் மகளோடு கொரிய நாடகங்கள் பார்க்கிறேன், ‘ரிப்ளை 1988’ பார்த்து அழுதும் விட்டேன். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படமும் பிடித்தது. இதையெல்லாம் சொன்னால், “தெரியாமல் கருத்துச் சொல்லாதீங்க அம்மா” என்கிறான் மகன். நான் வேற்றுநாட்டு நாடகத்துக்கு மாறிவிட்டேன் என்று மாமிக்கும் மனவருத்தம். என்னைப் போன்றவர்கள் கருத்துச் சொல்வது பிழையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையே இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள். கமெரா எங்கே நின்றது, வெட்டு எப்படி விழுந்தது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதக்கணக்காக ஒரு நாடகத்தோடு இருந்தவர் எந்த இடத்தில் எழும்பிப் போனார், ஏன் போனார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழும்பிய இடம் சரியான இடம் என்றே நினைக்கிறேன். வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கிற அந்த ஆதி குணசேகரனை மாரிமுத்து வெறுக்கவும் வைத்தார், அடுத்தநாள் அவருக்காகவே ரீவியைப் போடவும் வைத்தார். 2023 செப்டெம்பரில், அதே நாடகத்துக்குக் குரல் கொடுக்கப் போன இடத்தில்தான் அவருக்கு முடியாமல் போய் இறந்தார். பிறகு வந்த வேல ராமமூர்த்தியும் நல்ல நடிகர், குறை அவரில் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் எதிர்த்து நின்றது ஒரு குறிப்பிட்ட மனிதரை, அந்தக் குரலை, அந்தப் பார்வையை. அது போனதும் கதைக்கு எதிரே யாரும் இல்லாமல் போய்விட்டது. அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் ஓடுகிற நாளாந்த நாடகம் அப்படி முடியாது, பார்க்கிறவர்கள் இருக்கும்வரை இழுக்கத்தான் செய்யும். அதே இயக்குநர் திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை, 1500 பகுதிகளையும் தாண்டி ஓடியது. ‘ரிப்ளை 1988’ஐ 20 பகுதியோடு முடித்துவிட்டார்கள்.

நீளம் மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கட மட்டக்களப்புப் பக்கத்து வடமோடிக் கூத்தை எடுங்கள், பாட்டும் ஆட்டமுமாக விடியவிடிய நடக்கும், ஒரே பாட்டைப் பிற்பாட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பாடுவார்கள், அபிமன்யு சாகப் போகிறான் என்று கூத்து ஆடுகிற களரியைச் சுற்றி இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் இருந்து பார்ப்பார்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாருக்கும் ஆடுகிறவருக்கும் கதை எங்கே போய் நிற்கும் என்று தெரியும், அதனால் ஒவ்வொரு பாட்டும் அங்கே ஒரு அடி கொண்டுபோகும். எங்கே போய் நிற்பது என்று எழுதுகிறவருக்கே தெரியாத கதையில்தான் எனக்குப் பொறுமை போகிறது.

மாமியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த நாடகங்களைக் காதால் கேட்டே விளங்கிக்கொள்ளலாம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தை மூன்று பேர் மூன்று தரம் சொல்வார்கள், யாராவது திகைத்தால் உடனே ஒரு இசை அடிக்கும். தேங்காய் துருவிக்கொண்டோ கறியைக் கிண்டிக்கொண்டோ கேட்கிறவருக்கு அது எவ்வளவு உதவி! கொரிய நாடகத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதற்கென்று இருந்தே ஆகவேண்டும். வேலை முடித்துவிட்டு இருக்கிற உங்களுக்கு அது பொருந்துகிறது, இதில் உள்நாடு வெளிநாடு ஒன்றும் இல்லை. ‘ரிப்ளை 1988’ முதல் பகுதியில், இராச்சாப்பாட்டு நேரம் ஒவ்வொரு வீட்டுக் கறியையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவார்களே, அதை மட்டும் மாமிக்குப் போட்டுக் காட்டுங்கள். மொழியே தேவைப்படாது, வேலிக்கு மேலால் கறிக்கோப்பை நீட்டி வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பற்றி “பிடித்தது” என்று மட்டும் எழுதி விட்டுவிட்டீர்கள். பொருளாதார நெருக்கடி தாங்காமல் இலங்கையிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போகிற குடும்பத்தின் கதை அது. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற ஒருவர் சசிகுமாரையும் சிம்ரனையும் பார்த்து எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று சென்னையில் எழுதுகிறவர்களால் எழுத முடியாது. அவர்களுடைய பேச்சு உங்களுக்கு எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை, வந்து சேர்ந்த ஊரில் அயலவர் இவ்வளவு நல்லவர்களாக இருந்ததை நம்பினீர்களா என்று விரிவாக எழுதி அனுப்புங்கள். மகனும் பார்த்திருந்தால் அவனையும் எழுதச் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்தே இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து