காவிரித் தீர்ப்பு வந்த பிறகும் இரு மாநில மக்களும் ஏன் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள்?

இரு தரப்பும் நியாயத்தை வேறு வேறு ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவதுதான் முதல் காரணம். 1892, 1924 ஒப்பந்தங்கள் ஆங்கிலேயர் காலத்தில் மைசூர் மீது திணிக்கப்பட்டவை என்பது கர்நாடகத்தின் மனக்குறை. தஞ்சை விவசாயிக்கோ காவிரி நீர் கல்லணைக் காலத்து உரிமை, யாரும் தரும் சலுகை இல்லை.

2007இல் நடுவர் மன்றம் 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் 14.75 டிஎம்சியைக் கர்நாடகத்துக்கு மாற்றிவிட்டது. அதில் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. அதைக்கூட இங்கே பலர் ஏற்பார்கள். மீதி 10, தமிழகத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. கசப்பு அங்கேதான். மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு வரவேண்டிய நீர் 192லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது.

சரி, இதெல்லாம் ஓரளவு மழை பெய்யும் ஆண்டுக்கான கணக்கு. வறட்சியில் பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை. என்னைக் கேட்டால், அளவைவிட நேரம்தான் பெரிய சிக்கல். குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன், ஜூலையில் தண்ணீர் வேண்டும். கர்நாடக அணைகள் அப்போதுதான் நிரம்பத் தொடங்கும். ஆகஸ்ட் கடைசியில் வெள்ளமாக வந்து ஆண்டுக் கணக்கு நேராகிவிடலாம், அதற்குள் குறுவை போயிருக்கும்.