தண்ணீர் கலங்குகிறது, மீன் சாகிறது: தொட்டி வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பதினேழு வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கலங்கிய தண்ணீரைப் பற்றித்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போன ஞாயிறு கொளத்தூரில் இரண்டடித் தொட்டியும் ஆறு கோல்ட்ஃபிஷும் வாங்கினோம் அண்ணா. மூன்றாம் நாளே தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. முழுசாகக் கொட்டிக் கழுவி நிரப்பினேன், திரும்பவும் அதேதான். இரண்டு மீன் செத்துவிட்டது. (அம்பத்தூர்)

தம்பி, முதலில் கழுவுவதை நிறுத்துங்கள். அந்த வெள்ளைக் கலங்கல் மிச்சத் தீனியைத் தின்று பெருகிய பாக்டீரியா. தீனியைக் குறைத்தால் சில நாளில் தானாகவே தெளியும். மீனைக் கொன்றது அது இல்லை, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு வகையும் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரும். போதுமான அளவு சேர 4 முதல் 6 வாரம் ஆகும். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால் சேர்ந்த கொஞ்சமும் போய்விடும்.

இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டி என்றால் விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். ஆறு கோல்ட்ஃபிஷ் அதற்கு மிக அதிகம். இப்போதைக்கு இரண்டு நாள் தீனியே போடாதீர்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. தினமும் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் இரவு பகல் ஓடட்டும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். கடையில் விற்கும் எந்த மருந்தையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

ஒரு வருடமாக ஓடும் தொட்டி சார். மாதம் ஒருமுறை பளபளவென்று சுத்தம் செய்வோம். செய்த மறுநாள் ஒன்றிரண்டு மீன் மிதக்கிறது. (மதுரை)

இதே தவறை நானும் செய்தேன். ஞாயிறு தவறாமல் கூழாங்கற்களை வாளியில் போட்டுத் தேய்ப்பேன், பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்குவேன். திங்கள் காலை ஒரு மோலி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், செவுள் மட்டும் படபடவென்று அடிக்கும். மேலே சொன்ன பாக்டீரியா வாழும் அந்தப் பழுப்பு வழவழப்புதான் தொட்டியின் உயிர் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுங்கள். எடுத்த அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசுங்கள். அது போதும். சோப்பு கிட்டவே வரக்கூடாது.

மெட்ரோ தண்ணீர் நல்லதா, போர் தண்ணீரா?

இரண்டிலும் வளர்க்கலாம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளைப் புண்ணாக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, உள்ளே காற்றுக்கல்லும் (காற்று மோட்டாரின் குழாய் நுனியில் குமிழி விடும் கல்) ஓடவிட்டால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குப் பயன்படுத்துங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்ஸிஜனும் குறைவாக இருக்கும். சில மணி நேரம் காற்று ஓடிய பிறகு ஊற்றுங்கள். உப்புக் கடினமான தண்ணீரில் கப்பியும் மோலியும் சந்தோஷமாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும்.

எங்கள் தொட்டி பச்சையாகிவிட்டது. (தஞ்சாவூர்)

ஜன்னல் வெயில் படுகிறதா? அது பாசி. மீனைக் கொல்லாது, ஆனால் அடர்ந்துவிட்டால் இரவில் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். தொட்டியைப் போர்வையால் மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள், காற்று மட்டும் ஓடட்டும். அப்புறம் விளக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தேநீர் நிறமென்றால் உள்ளே வைத்த மரக்கட்டையின் சாயம், பயமில்லை.

கோடையில் கரண்ட் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன அண்ணா என்று மகள் எழுதச் சொன்னாள். (சேலம்)

மகள் சரியாகப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும், அந்த நேரத்தில்தான் மீனுக்குத் தேவை அதிகம். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவரை குவளையில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றலாம், மகளே செய்வாள். கரண்ட் வரும்வரை தீனி கூடாது. மூடிய பெட்டி ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். அப்படியே போட்டால் அழுகிய தண்ணீர் மீன் மேல் பாயும்.

புதிதாக ஒரு ஏஞ்சல் மீன் விட்டேன். பத்து நாளில் எல்லா மீன் மேலும் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. (கோவை)

வெள்ளைப்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வெளியே வந்து நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தாமல் பாட்டிலில் சொன்ன நாள்வரை தொடருங்கள். இனி எந்தப் புதிய மீனையும் தனி டப்பில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டே சேருங்கள். கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அண்ணா, அம்பத்தூரிலிருந்து மறுபடியும். ஒரு வாரமாகக் கழுவவில்லை, தண்ணீர் தெளிந்துவிட்டது, நான்கும் நன்றாக நீந்துகின்றன. குழந்தை இன்னும் இரண்டு மீன் கேட்கிறான்.

நல்ல சேதி. ஆனால் இப்போது வேண்டாம் தம்பி. தெளிவாகத் தெரிந்தாலும் நைட்ரைட் ஏறும் காலம் இனிமேல்தான். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து சுழியம் காட்டட்டும். இருக்கும் நான்கே அந்தத் தொட்டிக்கு அதிகம், முடிந்தால் இரண்டைப் பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுங்கள். குழந்தைக்குத் தீனி போடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு.