அறுபதைத் தாண்டியவர் புல்லட்டை விட்டுக் கனம் குறைந்த பைக்குக்கு மாறலாமா?

மாறலாம் சார். தாராளமாக மாறலாம்.

61 வயது, கையில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ‘ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தி எடுக்கும்போதுதான் பயமாக இருக்கிறது, அதே கம்பெனியின் ஹன்டர் வாங்கலாமா, இல்லை இன்னும் சின்ன வண்டிக்கே போய்விடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு தம்பிகள் வந்து ‘ஏஜ் வெறும் நம்பர்தான் அங்கிள், மனசு இளமையா இருந்தா போதும்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். கிளாசிக்கின் 195 கிலோவும் நம்பர்தான் தம்பி. மணலில் கால் வழுக்கி வண்டி சாயும்போது மனசை வைத்தா பிடிப்பது?

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் புல்லட்டைப் பழிக்க வந்தவன் இல்லை. எந்த ஷோரூமிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. 1992-ல் வாங்கிய புல்லட்டை அறுபது தாண்டியும் ஓட்டியவன். பழைய இரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சேலத்தில் ஜவ்வரிசி தயாரிக்கிற ஒரு சேகோ ஆலைக்குக் கிழங்கு கொள்முதல் செய்வது என் வேலை. ஆத்தூர், தம்மம்பட்டி, நாமகிரிப்பேட்டை என்று குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அந்த வண்டி போயிருக்கிறது. செல்ஃப் கிடையாது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, எஞ்சினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லிவரை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டு மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும். தூரத்தில் சத்தம் கேட்டதுமே காட்டுக்காரர் கிழங்கு பிடுங்க ஆள் இறக்கிவிடுவார். ஆகவே ‘உங்களுக்கு புல்லட்டோட ஃபீல் தெரியாது’ என்று யாரும் கமென்ட்டில் வர வேண்டாம். தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் வெயிட் ஓட்டுகிறவனைத் தொந்தரவு செய்யாது, தள்ளுகிறவனைத்தான் செய்யும். கொஞ்சம் வேகம் எடுத்துவிட்டால் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். சொல்லப்போனால் ஹைவேயில் கனமான வண்டிதான் சுகம். பிரச்சினை எல்லாம் எஞ்சின் ஆஃப் ஆன பிறகுதான். பெட்ரோல் பங்க்கில் வரிசை நகரும்போது உருட்டுவது, சென்டர் ஸ்டாண்ட் போடுவது, சந்துக்குள் திருப்புவது, பின்னுக்கு எடுப்பது. நேராக நிற்கிற வரைக்கும் ஒற்றைக் கையில் நிற்கும். கொஞ்சம் சாய்ந்தால் இரண்டு கையும் வேண்டும். இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் கனம் மளமளவென்று கைக்கு ஏறிவிடும். அந்த இடத்தில் முப்பது வயதில் ஒரு முக்கு முக்கி நிமிர்த்திவிடுவோம். அறுபதில் முட்டியும் இடுப்பும் சேர்ந்து யோசித்து முடிவெடுப்பதற்குள் வண்டி படுத்துவிடும். டெஸ்ட் ரைட் போய்விட்டு வந்து ‘வெயிட்டே தெரியல சார்’ என்கிறார்களே, அந்தக் கால் மணி நேரத்தில் பத்தடி தூரம் அதைத் தள்ளிப் பார்த்திருப்பார்களா?

என் வீட்டு வாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிறோம். வீடு தாழவில்லை, ரோடு வளர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட மெஷின் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒவ்வொரு தடவையும் பழையதன் தலையிலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் போர்ட்டிகோவில். ரோலர் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். ‘எல்லாரும் வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்குறாங்க சார், நீங்களும் தூக்கிக்குங்க’ என்றார். கிண்டல்கூட இல்லை, நல்ல யோசனை சொல்கிற முகத்தோடு சொன்னார். அப்படித் தூக்கித் தருகிற ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று. வரி கட்டுகிறவன் வீட்டைத் தூக்க வேண்டுமாம், ஆனால் ரோட்டைச் சுரண்ட மாட்டார்களாம். கொடுத்த மனுக்களின் நகலெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். சரி, இதை ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க எழுதுவேன். நான் சொல்ல வந்தது, ரோடு உயர்ந்ததால் தினமும் காலையில் புல்லட்டைச் சரிவில் பின்பக்கமாக மேலே ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். அதற்கே இரண்டு மூச்சு பிடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் ஏற்காட்டு விஷயம். பழைய முதலாளியின் தம்பி அங்கே வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். நானும் வீட்டுக்காரியும் புல்லட்டில்தான் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஜோராக ஏறிவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. அங்கே வண்டி நிறுத்தச் சொன்ன இடம் ஒரு சரிவு. வருகிற வண்டியெல்லாம் மூக்கைக் கீழே வைத்து, மதில் சுவரை முட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. நானும் அப்படியே நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எனக்கு இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், கண்ணாடியோடு கண்ணாடி உரச. தரையில் ஈரப் பாசி. ஹேண்டிலைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறேன், வண்டி ஒரு சாண் வருகிறது, என் செருப்பு இரண்டு சாண் முன்னுக்குப் போகிறது. வீட்டுக்காரி தாம்பூலப் பையைப் பிடித்துக்கொண்டு, ‘ஏங்க, யாரையாவது கூப்பிடட்டுமா?’ என்கிறாள். வேண்டாம் என்றேன். மறுபடி ஒரு சாண்.

அப்போது ஒரு பையன் வந்தான். நல்ல ஜிம் உடம்பு, சட்டைக் கை புஜத்தில் ஏற முடியாமல் நிற்கிறது. ‘தாத்தா, நகருங்க, நான் எடுத்துத் தர்றேன்’ என்று வாங்கிக்கொண்டான். அவனாலும் முடியவில்லை. முகம் சிவந்து, பல்லைக் கடித்து, ஒரு கட்டத்தில் வண்டி அவன் பக்கமே சாய ஆரம்பித்துவிட்டது. நான் ஓடிப்போய் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். கடைசியில் பந்தல்காரர் ஒருவர், அவன், நான், மூன்று பேர் சேர்ந்துதான் மேலே கொண்டுவந்தோம். தாத்தா என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவன் திணறியதைப் பார்த்ததும் அது போய்விட்டது. சரிவில் பின்னுக்கு ஏறாதது வயதின் குற்றம் இல்லை, கனத்தின் குற்றம். ஆனால் அந்தப் பையன் கை வலியை நாளைக்கு மறந்துவிடுவான். எனக்கு அப்படி இல்லை.

எனக்கு சுகர் இருக்கிறது. சுகர்காரர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம், ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். ஏற்காட்டால் வந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்பே மெல்ல ஆரம்பித்திருந்தது. பிசியோதெரபியில் சுவர் ஓரமாக நிறுத்தி, விரலால் படிப்படியாக மேலே ஏறச் சொல்வார்கள். என் விரல் காது உயரத்தோடு நின்றுவிடும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு புல்லட்டை சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற முடியுமா? நான் டாக்டர் இல்லை, உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியும். ஆனால் 55-க்கு மேல் லைசென்ஸ் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள், டாக்டரிடம் 1ஏ படிவமும் வாங்கச் சொல்கிறார்கள். அந்தப் படிவத்தில் கண்ணைப் பற்றி இருக்கிறது, காதைப் பற்றி இருக்கிறது. வண்டியைச் சரிவில் தள்ள முடியுமா என்று ஒரு வரி இல்லை. அதை நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டி பார்க்க மகனோடும் வீட்டுக்காரியோடும் போனேன். வாங்குகிறவன் நான், பணம் என்னுடையது. விற்பனைப் பையன் மைலேஜ் முதல் இ.எம்.ஐ. வரை எல்லாவற்றையும் மகனைப் பார்த்தே சொல்கிறான். ‘அப்பாவுக்கு ஸ்கூட்டி எடுத்துடலாமே சார்’ என்று வேறு. நான் டெஸ்ட் ரைடே கேட்கவில்லை. ஒரு வண்டியை வெளியே இறக்கச் சொல்லி, எஞ்சினைப் போடாமல் ஷோரூம் வாசல் சரிவில் பின்னுக்கு ஏற்றிப் பார்த்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுத்தேன். உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகிறதா, இல்லை விரல் நுனியில் நிற்கிறேனா என்று பார்த்தேன். மனைவியைப் பின்னால் ஏற்றி இறக்கினேன். நாலு வண்டிக்கு இப்படிச் செய்ததும் அந்தப் பையனுக்குப் பொறுமை போய்விட்டது. போகட்டும்.

ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான், சீட் உயரம் 785 மில்லிமீட்டர், உருட்டுவதற்கு அதைப்போல சுகம் இல்லை. ஆனால் எனக்கு ஏபிஎஸ் வேண்டும் என்று பிடிவாதம். மணல் கிடக்கிற ரோட்டில் பயந்துபோய் பிரேக்கை அமுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. நான் வாங்கியபோது ஏபிஎஸ் கட்டாயம் என்ற சட்டமே 125 சிசிக்கு மேலே உள்ள வண்டிக்குத்தான் இருந்தது. கீழே உள்ளதற்கு சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கை அமுக்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு, இருந்தால் போதும் என்று விட்டிருந்தார்கள். அதனால் ஹோண்டா யூனிகார்ன் எடுத்தேன். 140 கிலோ, ஐந்து கியர், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ். உங்கள் கிளாசிக்கைவிட 55 கிலோ குறைவு, அதாவது ஒரு ஆள் இறங்கிப்போன மாதிரி. ஆசையாகத் திரும்பிப் பார்க்கிற வண்டி இல்லை அது, ஒப்புக்கொள்கிறேன். பால்காரர் வண்டி என்று ஒரு நண்பர் சொன்னார். பால்காரர் தினமும் போகிறார், அந்த நண்பரின் வண்டிதான் வீட்டில் நிற்கிறது.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கிளாசிக்குக்கு இது தேவைப்படாது. முப்பது வருடம் இடது காலில் பிரேக் மிதித்தவன் நான். புது வண்டியில் இடது காலில் கியர். சாதாரணமாக ஓட்டும்போது மூளை கவனமாக இருக்கும். குறுக்கே நாய் வந்தால் மூளைக்கு முன்னால் கால் போய்விடும். ஓங்கி இடது காலை மிதித்தால் கியர் ஒன்று குறைந்து வண்டி உறுமுமே தவிர நிற்காது. அதனால் விடியற்காலையில் காலி மைதானத்தில் போய், முன்பிரேக்கை விரலால் முதலில் தொடுவது, பிறகு வலது கால், என்று உடம்பில் ஏறும் வரை பழகிய பிறகுதான் வீட்டுக்காரியை ஏற்றினேன்.

லேசான வண்டிக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேலம்–உளுந்தூர்பேட்டை ரோட்டில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் கடந்து போனால் காற்று ஒரு தள்ளு தள்ளும். புல்லட்டில் அது தெரியவே தெரியாது. எழுபதுக்கு மேல் விரட்டினால் கையில் அதிர்வும் வரும். எனக்கு இப்போது அறுபதுதான் வேகம், அதனால் கவலை இல்லை. நீங்கள் மாதாமாதம் வெளியூர் போகிறவர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட ஹன்டர் 181 கிலோ. உங்கள் வண்டியைவிடப் பதினான்கு கிலோதான் குறைவு. சீட் 790, கொஞ்சம் தாழ்வு, திருப்புவது சுலபம், நல்ல வண்டிதான். ஆனால் உங்கள் பயம் நிறுத்தி எடுப்பதில் என்கிறீர்கள். அதற்கு இந்தப் பதினான்கு கிலோவுக்காக ஒரு வண்டியை விற்று இன்னொன்று வாங்குவது செலவுதான் மிச்சம். முட்டியோ இடுப்போ மடங்க மறுக்கிறது, காலைத் தூக்கி சீட்டைத் தாண்டிப் போடுவதே சிரமம் என்றால் பைக்கையே விட்டுவிட்டு ஸ்கூட்டர் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குழி ரோட்டில் சின்னச் சக்கரம் தூக்கிப் போடும், அது ஒன்றுதான்.

என் புல்லட்டை மெக்கானிக் மூலம் நாமக்கல்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பழைய இரும்பு எஞ்சினுக்கு நான் நினைத்ததைவிட நல்ல விலை. அழுதீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நீங்கள் சேலம் பக்கம் என்றால் சொல்லுங்கள், யூனிகார்னை ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் வாசல் சரிவில் ஒருமுறை பின்னுக்கு ஏற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், அன்றைக்கு நான் ஆத்தூர் போய்விடுவேன்.