இலண்டன் வழியாகப் பாரிசுக்குப் போகும் கைத்தறிக்கு ஏன் தீர்வை?

மருதமுனையில் நெய்த சேலைகளையும் சாரன்களையும் இலண்டனிலுள்ள மைத்துனரின் கடையில் தீர்வையின்றி இறக்கி, அவற்றில் ஒரு பகுதியைப் பாரிசுக்கு அனுப்பியபோது பிரெஞ்சுச் சுங்கம் தீர்வை கேட்டதாகவும், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வணிக ஒப்பந்தத்தோடுதானே விலகியது என்றும் எழுதியிருந்தீர்கள். 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட அந்த ஒப்பந்தம், பிரித்தானியாவிலும் ஒன்றியத்திலும் உற்பத்தியான பொருட்களுக்கே தீர்வையை நீக்குகிறது. உங்கள் சேலை இலண்டன் கடையில் எத்தனை மாதம் கிடந்தாலும் இலங்கைப் பொருள்தான். உங்களைப் பொறுத்தவரை அவர்கள் ஒப்பந்தமே இல்லாமல் விலகியிருந்தாலும் நிலைமை இதுவேதான்.

வளரும் நாடுகளின் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும், இலங்கைக்கு 2017இல் மீண்டும் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகையையும் அந்தப் பொதிக்குக் கோர முடியாது, ஏனெனில் பிரித்தானியச் சுங்கத்திலிருந்து விடுவித்து உள்நாட்டுச் சந்தையில் சேர்த்த பிறகு அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று அனுப்பிய சரக்காகக் கருதப்படாது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற அலைவதில் பயனில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்த முறை பாரிசுக்கான பொதியைக் கொழும்பிலிருந்தே தனி விலைப்பட்டியலுடன் நேரடியாக அனுப்புங்கள். அதன் பெறுமதி 6000 யூரோவைத் தாண்டாவிட்டால், பதிவுபெற்ற ஏற்றுமதியாளராக இல்லாமலே, அப்பட்டியலில் தோற்றக் கூற்றை, அதாவது பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்ற உறுதிமொழியை, நீங்களே எழுதலாம். தாண்டினால் ரெக்ஸ் எனப்படும் அந்த ஏற்றுமதியாளர் பதிவு கட்டாயம். நூல் இந்தியாவிலிருந்து வருவதாயின், அதை வாங்கிய பற்றுச்சீட்டையும், சாயமிட்டதும் நெய்ததும் இங்கேதான் என்பதற்கான பதிவுகளையும் வைத்திருங்கள், சுங்கம் கேட்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.