முடக்குவாதமும் மனப் பதற்றமும்: மீன் எண்ணெய், மஞ்சள் கேப்ஸ்யூல் உதவுமா?

கேள்வி: வயது 42. ஐந்து வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் பிரெட்னிசலோன் 5 மி.கி. எடுக்கிறேன். சில மாதங்களாகப் படபடப்பு, இனம்புரியாத பயம், தூக்கமின்மை. அழற்சி குறைந்தால் பதற்றமும் அடங்கும் என்று சொல்லி உறவினர் மீன் எண்ணெயும் மஞ்சள் கேப்ஸ்யூலும் வாங்கித் தந்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: மீன் எண்ணெயை மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். மஞ்சள் கேப்ஸ்யூல் உங்களுக்கு வேண்டாம்.

உறவினர் சொன்னதில் உண்மை உண்டு. மூட்டு அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்கள் மூளையையும் பாதிக்கின்றன. அதனால்தான் முதலில் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனைகளான சிஆர்பி, ஈஎஸ்ஆர் பார்க்கச் சொல்கிறோம். அவை ஏறியிருந்தால் மூட்டு சிகிச்சையைத்தான் சரிசெய்ய வேண்டும். கேப்ஸ்யூல் அந்த வேலையைச் செய்யாது. கூடவே ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), ஒரு ஈசிஜி. இரத்தசோகையும் தைராய்டு மிகையும் இதே படபடப்பைத் தரும். பிரெட்னிசலோனை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். காலை உணவு முடிந்ததும் போடுங்கள். திடீரென்று நிறுத்திவிட மட்டும் கூடாது.

இனி மீன் எண்ணெய். டப்பாவின் முன்பக்கம் இருக்கும் '1000 மி.கி.' வெறும் எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாதாரண வகையில் ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் சரக்கு. 2018இல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒமேகா-3 2000 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடம்தான் பதற்றம் குறைந்தது தெரிந்தது. அதுவும் மிதமான அளவில். அந்தக் கணக்குக்குச் சாதாரண வகையில் ஏழு கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். ஈபிஏ, டிஹெச்ஏ சேர்ந்து 600 மி.கி. உள்ள செறிவான வகை என்றால் நான்கு போதும். முதல் வாரம் மதியச் சாப்பாட்டோடு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நாள் முழுக்க மீன் வாடை ஏப்பம் வரும். ஒன்றைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள். சிக்குவாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது.

காட் மீனின் ஈரல் எண்ணெய் மாத்திரை வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. ஒமேகா-3 கணக்குக்காக அதை அள்ளிப் போட்டால் கல்லீரல் கெடும்.

ஈசிஜி கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதிக அளவு ஒமேகா-3 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மஞ்சளுக்கு ஏன் தடை? குழம்பில் போடும் மஞ்சளுக்கு இல்லை. அதில் குர்குமின் என்ற செயல்பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். கேப்ஸ்யூலில் அதைச் சேரவைக்க மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் கலக்கிறார்கள். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்ததும் உடம்பில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. கல்லீரலும் குடலும் அதைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தடுப்பதே காரணம். அதே தடை மற்ற மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடலாம். இத்தகைய கேப்ஸ்யூல்களால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டுக்காக நீங்கள் ஏற்கெனவே எஸ்ஜிபிடி (கல்லீரல் சோதனை) பார்த்துவருபவர். அது எகிறினால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் மெத்தோட்ரெக்ஸேட்டையே நிறுத்த நேரும். மூட்டு மறுபடி வீங்கும். அஸ்வகந்தாவாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருப்பதால் அதுவும் வேண்டாம்.

மீன் எண்ணெய் தொடங்கும் நாளில், பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்விகளுக்கு விடை எழுதி மதிப்பெண்ணைக் குறித்துவையுங்கள் (மொத்தம் 21). பன்னிரண்டு வாரம் வேறு புதிய மாத்திரை எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதற்குப் பிறகும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், காசாவது மிஞ்சும். இப்போதே 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், மூட்டு மருந்துகளின் சீட்டையும் கொண்டுபோங்கள். நள்ளிரவில் பயம் முற்றினால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.