பாயிண்ட் 315-இல் 303 தோட்டா போடலாமா?

கேள்வி: தாத்தா லைசென்ஸில் வைத்திருந்த ரைபிள் அவர் காலத்துக்குப் பிறகு வீட்டிலேயே இருக்கிறது. இஷாப்பூர் முத்திரை, பாயிண்ட் 315. பார்க்க பழைய ராணுவ 303 மாதிரியே இருக்கிறது. 303 தோட்டா இதற்குச் சேருமா? முன்கட்டையில் விரிசல், ஆசாரியிடம் கொடுக்கலாமா?

பதில்: 303 தோட்டா கூடவே கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்த ஒற்றுமை உண்மைதான். 1907-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த 303 ரைபிளான லீ என்ஃபீல்டு மார்க் 3-இன் போல்ட் அமைப்புதான் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தண்டு) இதிலும். காலித் துப்பாக்கியில் போல்ட்டை மெதுவாக முன்னே தள்ளிப் பாருங்கள். கடைசி ஒரு விரற்கடை தூரத்தில் ஸ்பிரிங் கையை எதிர்க்கும். மூடும்போதுதான் இது காக் ஆகும், அதாவது சுடத் தயாராக ஸ்பிரிங் இறுகும்; மவுசர் 98 வகையில் திறக்கும்போதே ஆகிவிடும்.

மாறியது தோட்டா. ராணுவத் தோட்டா வெளியாட்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு இந்தியாவில் 303-ஐத் தனியாருக்குத் தடுத்தது. அதனால் ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவுக்கு (இங்கே பாயிண்ட் 315 என்பது அதுதான்) ஏற்றபடி, அதே லீ போல்ட்டை வைத்து இந்தியச் சந்தைக்கு வேட்டை ரைபிள் செய்தார்கள். பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனம் செய்தது, பின்னாளில் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையும் அந்த வழியில் வந்தது. குழல்முனை வரை மூடியிருந்த மரமும் அதன் நுனியில் இருந்த இரும்பு மூடியும் போயின. பத்துத் தோட்டா மேகசின் ஐந்தானது.

303-இன் பித்தளைக் கூடு சுமார் 56 மி.மீ. நீளம், உங்களுடையது 50. குண்டின் குறுக்களவும் வேறு: அங்கே 0.311 அங்குலம், இங்கே 0.323. உள்ளே சரியாக உட்காராத தோட்டாவை அழுத்தி மூடப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பேரலை (குழலை) மாற்றி 303 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். 303 இன்றும் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு (bore). அது நேரடிக் குற்றம்.

கட்டை விஷயத்தில் என் கவலையே வேறு. இந்த வகைத் துப்பாக்கி நேராகச் சுடுவது முன்கட்டை பேரலைத் தாங்கும் விதத்தில் இருக்கிறது. பார்வைக்கு அழகாக இழைத்துவிட்டால் குறி நகர்ந்துவிடும். அதனால் ஆசாரி வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்தான். அவரிடம் போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணையும் உடலில் உள்ள எண்ணையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்து பார்க்காமல் ஒரு வேட்டுகூடப் போடக் கூடாது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, லைசென்ஸ்தாரர் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தாலும் காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ரைபிள் கிளப் ரேஞ்சில் சுடலாமா என்பதை லைசென்ஸ் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.