பதில் அட்டையில் என்ன கேட்கலாம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கல்யாணம், அழைப்பிதழோடு அனுப்பும் பதில் அட்டையில் எதையெல்லாம் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். முதலில், உள்ளூர்ச் சொந்தங்களுக்கு அந்த அட்டையே வேண்டாம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு ‘வருவீங்களா?’ என்று எழுதிக் கேட்டால் நிச்சயம் மனத்தாங்கல் வரும்.

சென்னைக்காரர்களிடம் மட்டும் கேளுங்கள்: எத்தனை பேர், முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்கே வருகிறார்களா? அப்புறம் எந்த ரயில், எங்கே இறங்குகிறார்கள் என்பதுதான் ரொம்ப முக்கியம். சேது எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே வந்துவிடும். ராமநாதபுரத்தில் ஒரு குடும்பம், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரத்தில் ஒரு குடும்பம் இறங்கி நின்றால் ஒரே வேன் என்ன செய்யும்? தனுஷ்கோடி பார்க்க மறுநாளும் தங்குவார்களா என்றும் கேட்டால் ரூம் கணக்கு சரியாக வரும். சைவமா அசைவமா என்பதை மறுவீட்டு விருந்துக்கு நிற்பவர்களிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம்.